உறுதி யார் பெயரில்?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று பெரியோர் சொல்லி வைத்தனர். நாம் வீடொன்று கட்டினோம். இரண்டு கலியாணங்களும் செய்துவைத்தோம். அவற்றின் துன்பங்களை நேயர்கள் தத்தம் வீட்டிலேயே அறிந்திருப்பர். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறிய பின்னர் இணையத்தளம் ஒன்றைக் கட்டப் புகுந்த கதையையே இங்கு சொல்ல வந்தோம்.

எமது இல்லத்தரசியார் வடமராட்சியில், எம் வீட்டு முற்றத்திலே, பனங்கிழங்கு பிளந்து ஒடியலாய்க் காயவிட்டு மாவாக்கி விற்பவர். அவருடைய அன்னையாரின் கைமாவுக்கு ஒரு காலத்திற் பெரும் பெயர். 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாள் தொட்டு, விடுமுறை கழிந்து கொழும்புக்குத் திரும்பும் எழுதுவினைஞர்கள் அந்த மாப்பொதி இல்லாமல் வண்டி ஏறியதில்லை என்பர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு ஒடியற்கூழுக்கு ஏங்குகின்றனர். "ஒரு தளம் போடுங்கோ மாமா, அங்கையிருந்தே ஓடர் குடுப்பினம்" என்றான் மருமகன். தளத்துக்கு அன்னையாரின் பெயரையே சூட்டுவதென இல்லத்தரசியார் தீர்மானித்தார்.

பட்டினத்து வடிவமைப்பாளர் ஒருவர் ஒன்றரை இலட்சம் ரூபா கேட்டார். எமக்குத் தலை சுற்றியது. 1991இல் ரிம் பேர்னர்ஸ்-லீ என்பவர் உலகுக்குத் திறந்துவிட்ட இந்த உலகளாவிய வலையை, அவர் பணியாற்றிய சேர்ன் ஆய்வுகூடம் 1993 ஏப்பிரிலில் எவரும் கட்டணமின்றிக் கையாளலாமென விட்டுக்கொடுத்தது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருளும் இலவசம். இலவசமாய்க் கிடைப்பதற்கு நாம் ஏன் காசு கொடுப்பது என்பது எமது தருக்கம். கல்லும் மண்ணும் சும்மா கிடைத்தால் மேசனுக்குக் கூலி வேண்டாமோ என்று அப்போது எம்மை ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கணினிக்கு முன்னே தவமிருந்தோம். எமது பழைய குறிப்புகள் யாவும் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதிலே ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிற் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழென்று விளங்காது. ஆகவே எல்லாவற்றையும் ஒருங்குறியில் மீண்டும் தட்டினோம். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களைச் சுருக்க வேண்டுமென்று எமக்குத் தெரியாது. எடுத்தபடியே ஏற்றினோம்; பக்கம் திறந்து முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆயினும் எமக்கு அளவற்ற பெருமிதம். பனையின் பெருமை பற்றிப் பத்துப் பந்தியில் நாம் தீட்டிய கட்டுரையல்லவா முகப்பிலே மின்னிற்று!

இல்லத்தரசியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, வாசிச்சுக் களைச்சுப் போனன். மா என்ன விலையெண்டு எங்கை கிடக்கு?"

அது பத்தாவது பந்திக்குக் கீழே கிடந்தது. கைத்தொலைபேசியிலோ பக்கத்தின் வலப்பாதி கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது. இத்தனைக்குள் பங்குனியும் கழிந்தது. அவ்வருடத்து மாவிற் பாதிக்குமேல், சந்தை வியாபாரிக்கு அவர் சொன்ன விலைக்கே போயிற்று. அதை இல்லத்தரசியார் எம்மிடம் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறு வருடம் அந்த வடிவமைப்பாளரிடமே போனோம். உள்ளதைச் சொல்ல வேண்டும்: பையன் கெட்டிக்காரன். பக்கம் கண்ணிமைக்குமுன் திறந்தது; எந்தக் கைத்தொலைபேசியிலும் அழகாய் அடங்கியது; வேண்டியதைத் தொட்டு, முகவரியை இட்டு அனுப்ப ஒரு படிவமும் இருந்தது. முதல் மாதத்திலேயே வெளிநாட்டிலிருந்து கேட்டு எழுதினர். முகப்பிலே மட்டும், பொன்னிறத் தலைமயிர்க் குடும்பமொன்று மேசையைச் சுற்றியிருந்து பாண் தின்றுகொண்டிருந்தது. கீழே, தரமே எமது தாரக மந்திரம் என்றொரு வாசகம்.

"இவை ஆர்?" என்று இல்லத்தரசியார் கேட்டார்.

"சும்மா, படத்துக்கு."

"எங்கடை மா தின்னாத சனத்தை எங்கடை வாசலிலை ஏன் இருத்தினவை?"

எமக்கு விடை தெரியவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் பெரிய தீங்கொன்றும் செய்யவில்லை. தீங்கு வேறு வழியால் வந்தது. தளத்தின் பெயரை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. தவணைக் குத்தகைக்கே எடுக்கின்றோம். அந்தக் குத்தகையைப் பையன் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் எழுதியிருந்தான். வஞ்சகமென்று சொல்ல மாட்டோம். அவனுக்கு அது வசதி. பின்பு அவன் கடல் கடந்து போய்விட்டான். தவணை முடிகிறது என்ற அறிவித்தல்கள் அவன் திறவாத அஞ்சற்பெட்டிக்குச் சென்றன. தவணை தப்பிய பின்னும் மீட்டுக்கொள்ள 30 நாள் இடமுண்டாம். ஆனாற் பதிந்தவரே கேட்க வேண்டும். எம்மிடம் இருந்தவை காசு கட்டிய பற்றுச்சீட்டுகள் மாத்திரமே. காணி வாங்கும்போது நொத்தாரிசின் வீட்டுக்கு மூன்று முறை நடந்து, எல்லைக் கல்லெல்லாம் எண்ணிப் பார்த்த நாம், இங்கே மேசனின் பெயரில் உறுதி முடித்துவிட்டுக் கிருகப்பிரவேசம் செய்திருக்கிறோம்.

மாசி மாதம், கிழங்கு பிளக்கும் நாளில், தளம் இருண்டது. சில கிழமைகளின் பின் மருமகன் அழைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அன்னையாரின் பெயரைத் தட்டினால் இப்போது சூதாட்டக் கடையொன்று திறக்கிறது.

"அம்மான்ரை பேரிலை சூதோ?" என்று மட்டும் இல்லத்தரசியார் கேட்டார். அன்று இரவு அவர் உண்ணவில்லை.

இப்போதுள்ள தளம் மூன்றாவது. 2010ஆம் ஆண்டு முதல் டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர் எடுக்கலாம். அன்னையாரின் பெயர், முன்பு ஆங்கில எழுத்தில் இருந்தது, இம்முறை தமிழில் எழுந்தது. தமிழ் தட்டத் தெரியாத பேரப்பிள்ளைகள் எப்படி வருவர் என்று மருமகன் முணுமுணுக்கிறான், அதிலும் நியாயமுண்டு. பெயர் இல்லத்தரசியாரின் பேரிலே பதிவாகியிருக்கிறது. கடவுச்சொல் எழுதிய கொப்பி, காணி உறுதியோடு அதே தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.

வேலையை நெல்லியடியில் ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தோம். நாம் மூன்று மாதம் மண்டையை உடைத்ததை அவள் இரண்டு நாளில் முடித்தாள். கேட்ட கூலியை எண்ணிக் கொடுத்தபோது எமக்குக் கை கூசவில்லை. விலையையும் சொற்களையும் மாற்றும் வழியை இல்லத்தரசியாருக்குக் காட்டித் தரவேண்டும் என்பது மாத்திரமே எமது நிபந்தனை. முகப்பிலே இப்போது எம் முற்றத்துப் பாயும் அதிலே காயும் ஒடியலும் இருக்கின்றன. கீழே வாசகம் இல்லத்தரசியாருடையது: "இம்முறை மழை பிந்தினதாலை கிழங்கு மெலிவு. மா கொஞ்சந்தான். முந்திக் கேக்கிறவைக்கு முந்தி."

அதைச் செந்தமிழாக்க எமது பழைய சிவப்பு மைப் பேனா துடித்தது. அடக்கிக்கொண்டோம்.

நேற்று மாலை அவரே கணினியின் முன் அமர்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோரெழுத்தாய்த் தேடி, மா முடிஞ்சுது என்று மாற்றினார். இரவுக்குள் மூவர், அடுத்த தைக்குத் தங்கள் பெயரைக் குறித்து வைக்கும்படி எழுதிவிட்டனர். அவர் கொப்பியில் அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு, முற்றத்துக்குப் போய், பாயை உதறிச் சுருட்டினார்.