அடுப்பங்கரைச் சப்தம்

தூரதேசத்தில் இருக்கும் ஒருவருக்கு வீட்டார் அனுப்பக்கூடியவற்றுள் மிக அருமையானது வீட்டின் சப்தந்தான் என்பது, பிள்ளைகளையும் கணவன்மார்களையும் வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த இராமநாதபுரம் சீமைக் குடும்பங்களுக்கு, 1970களிலும் 80களிலும் அனுபவத்தால் தெரிந்திருந்த விஷயம். டிரங்க் கால் போட்டுப் பேசப் பணமும் பொறுமையும் ஒருங்கே வேண்டியிருந்த அந்நாளில், எழுத்தறியாத தாய்மார்களுக்குக் கேசட்டே கடிதமாயிற்று. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனியார் வெளியிட்ட அச்சிறு சாதனம், பக்கத்துக்கு அரைமணி வீதம் ஒரு மணி நேரத்துச் சப்தங்களை அடக்கிக்கொண்டு, பயணம் புறப்படும் ஊர்க்காரர் எவரேனும் ஒருவருடைய பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே கடல் கடந்தது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் அவ்வாறு கேசட் பேசுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதன்முறையாக மேடையேறியவரைப் போன்ற சங்கோசத்துடன் க்ஷேமசமாசாரங்களை வரிசையாகச் சொல்வார். சற்று நேரத்தில் சொல்லவேண்டியதெல்லாம் தீர்ந்துவிடும். மிச்ச நாடாவை வீணாக்க மனமில்லாமல், கருவியை அடுப்பங்கரை ஜன்னலில் ஓடவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அம்மியில் மிளகாய் அரைபடும் கரகரப்பும், விழுதை வழித்தெடுக்கக் குழவியை நிறுத்தும்போது விழும் சிறு மௌனமும், கடுகு வெடித்து அடங்குவதும், கிணற்று ராட்டினத்தின் கிறீச்சொலியும், கோழியை விரட்டும் அதட்டலும் அதில் பதிவாகும். விடுமுறையில் வந்த அவர் மகன், பேச்சை இரண்டொரு தடவை கேட்டதோடு சரி என்றும், இரவில் போட்டுவிட்டுப் படுப்பது அந்த அடுப்பங்கரைப் பகுதியைத்தான் என்றும் என்னிடம் சொன்னார்.

நம்மை நோக்கிச் சொல்லப்படும் வார்த்தை பதிலை எதிர்பார்க்கிறது. பதில் சொல்ல முடியாதபோது தூரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. தன் காரியத்தில் ஈடுபட்டிருப்பவருடைய அரவமோ நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆகவே, அவர் அடுத்த அறையில்தான் இருக்கிறார் என்று மனம் தடையின்றி நம்பிவிடுகிறது.

டெலிபோன் எஞ்சினீயர்களும் இதை ஒருவகையில் அறிவார்கள். டிஜிட்டல் தொலைபேசியில், ஒருவர் பேசாதிருக்கும் இடைவெளிகளில் ஒலியை அனுப்பாமல் நிறுத்திவைக்கும்போது, மறுமுனையில் பூரண நிசப்தத்தைக் கேட்பவர் தொடர்பு அறுந்துவிட்டதென்று எண்ணிவிடக்கூடும் என்பதால், மெல்லிய இரைச்சலொன்றைக் கேட்பவர் பக்கத்திலேயே செயற்கையாக உண்டாக்கிக் கொடுக்கிறார்கள். அதே சாஸ்திரம் இன்று, வீடியோ அழைப்பில் மிக்ஸியையும் காக்கையையும் மின்விசிறியையும் இரைச்சலென்று வடிகட்டி, குரலை மட்டும் சுத்தம் செய்து அனுப்புகிறது. ஆபீஸ் கூட்டங்களுக்கு இது பெரிய உபகாரமே. ஆனால் வீட்டோடு பேசுகிறவனுக்கு இதைப்போல் நஷ்டம் வேறில்லை.

அழைப்பைத் துண்டிக்காமல், பேச்சுமில்லாமல், அங்கே மகள் படிக்கவும் இங்கே தாய் சமைக்கவுமாக மணிக்கணக்கில் இருக்கும் குடும்பங்களை இப்போது பார்க்கிறேன். மிக நல்ல வழக்கம் அது. வெளியூரில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு தாய் தந்தையரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இரைச்சலை நீக்கும் அந்த வசதி உங்கள் போனில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், பேச்சு முடிந்ததும் வைத்துவிடாமல், போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள்.