தலை குனிந்து குடித்த தண்ணீர்

வீட்டில் யாருக்காவது புரையேறினால் என் மாமியார் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நெனைக்கிறாங்க" என்பார். பேரப்பிள்ளைகள் வரை நானும் அப்படித்தான் தட்டியிருக்கிறேன். புரையேறியும் இருமலே வராத ஒரு நிலை உண்டு, அதுதான் உயிருக்கு ஆபத்து என்பது எனக்கு 60 வயதில்தான் தெரிய வந்தது.

என் வீட்டுக்காரருக்கு அடிநாக்கில் புற்றுநோய். வாலிபத்தில் தொடங்கிய வெற்றிலையும் புகையிலையும் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. 35 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். வாரத்துக்கு 5 நாள் என்று 7 வாரம். கூடவே வாரம் ஒரு கீமோ. மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்துபோய், எச்சிலை விழுங்கினாலே அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். 64 கிலோ இருந்தவர் 51-க்கு வந்தார். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள்.

நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது. அதைச் சொல்லத்தான் இந்த வயதில் பேனாவை எடுத்தேன்.

குழாய் வந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. சத்துமாவுக் கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர், எல்லாவற்றையும் துணியில் வடிகட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசிக் குழலில் ஏற்றி விடுவேன். நடுவில் அவரே, "ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாக்கட்டுமா?" என்று சைகையில் கேட்பார். "எதுக்குங்க அந்த வலி? அதான் குழாயில போகுதே" என்று தடுத்துவிடுவேன். கிட்டத்தட்ட 9 வாரம் அவர் தொண்டை வழியாக எதுவும் இறங்கவில்லை. நான் அவரைத் தாங்கிக்கொள்வதாக நினைத்தேன். யாரும் எங்களுக்கு வேறு மாதிரி சொல்லவும் இல்லை.

ஒரு வாய் சோற்றை விழுங்க 30-க்கும் மேற்பட்ட தசைகள் ஒன்று சேர்ந்து வேலை செய்ய வேண்டுமாம். நாக்கு பின்னால் தள்ளும், குரல்வளை மேலே ஏறும், மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும், உணவுக்குழாயின் வாய் திறக்கும். தொண்டைக்குள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடி. கரண்ட் பட்ட தசை ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும். அதற்கு வேலையும் கொடுக்காமல் போட்டால் மெலிந்து, வேலையையே மறந்துவிடுகிறது. குழாயை எடுத்த அன்று ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுத்தேன். வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எப்படி உள்ளே அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு இரண்டு முறை சளிக் காய்ச்சல். இரண்டாவது முறை நுரையீரலில் நிமோனியா என்றார்கள். அப்போதுதான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள்தான் விழுங்கவும் கற்றுத் தருவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் கலந்து குடிக்கச் சொல்லி, குடிக்கும்போதே எக்ஸ்-ரேயில் படம் ஓட்டிக் காட்டினார்கள். அந்த மருந்தில் நூல் போல ஒரு கோடு பிரிந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு செருமல்கூட இல்லை. அந்தப் பெண், "பாத்தீங்களாம்மா? உள்ள போனது அவருக்கே தெரியல" என்றாள்.

நாங்கள் காலங்காலமாக வாய் படாமல் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். எச்சில் பண்ணாமல் குடிப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். அவருக்கு அப்படிக் குடித்ததுதான் மூச்சுக்குழாய்க்கு வழி திறந்து விட்டிருக்கிறது. இனி தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, சின்ன டம்ளரில் ஒரு மடக்கு, ஒரு மடக்குக்கு இரண்டு தடவை விழுங்கு, பிறகு செருமு, மறுபடி விழுங்கு என்றாள். (இது அவர் தொண்டையைப் படம் பிடித்துப் பார்த்துச் சொன்ன முறை. சிலருக்குக் கழுத்தை ஒரு பக்கம் திருப்பச் சொல்வார்கள். வேறு சிலருக்கு இன்னொன்று. இதைப் படித்துவிட்டு நீங்களாகச் செய்யாதீர்கள்.) "தண்ணி குடிக்கக்கூடத் தலை குனியணுமா?" என்று முதல் வாரம் முழுக்கக் கோபப்பட்டார். டம்ளரைத் தள்ளியும் விட்டிருக்கிறார்.

என் கையைப் பிடித்து அவர் குரல்வளை மேல் விரல்களை வைத்தாள் அந்தப் பெண். "இப்ப விழுங்கச் சொல்லுங்க. மேல ஏறுதா பாருங்க." கட்டியாக ஏதோ லேசாக அசைந்து, ஏறாமலே நின்றது. பிறகு என் தொண்டையில் வைத்துப் பார்த்தேன். குபுக்கென்று ஏறி இறங்கியது. 40 வருஷம் சேர்ந்து வாழ்ந்தவரின் தொண்டையை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்க்கிறேன். அன்றிலிருந்து வேளைக்கு வேளை விரல் வைத்து எண்ணினேன். ஏறியதைச் சில நொடி மேலேயே நிறுத்திப் பிடிக்கும் பயிற்சி ஒன்று; நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது ஒன்று. வாய் ஒன்றரை விரல்தான் திறந்தது; மூன்று விரல் நுழைய வேண்டுமாம். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, மெல்ல மெல்ல ஒவ்வொரு குச்சியாகக் கூட்டினோம். 7 குச்சியில் தொடங்கி 15 குச்சிக்கு வர எட்டு மாதம் ஆனது.

சமையலை நான் முதலிலிருந்து படித்தேன். நோயாளிக்கு ரசஞ்சாதம் என்பது நம் வீட்டுச் சட்டம். அவருக்கு அதுதான் எதிரி. ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடும், பருக்கை பின்னால் தங்கிவிடும். வெறும் தண்ணீர் எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமாக நழுவும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் பொத்தென்று விழ வேண்டும், அதுதான் அவருக்கான பதம். தயிர்சாதத்தை மத்தால் கடைந்து கொடுத்தேன். இட்லி வாய்க்குள் மாவாகத் திரண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கெட்டிப் பருப்பும் நெய்யும் விட்டு மசித்தால் இறங்கும். மிளகாய் மட்டுமல்ல, ஒரு மிளகு கூட எரிந்தது. நமக்கெல்லாம் ஒரு நாளைக்கு 1 லிட்டர் அளவுக்கு எச்சில் ஊறும் என்கிறார்கள். அவருக்கு அந்த ஊற்று பெரும்பாலும் வற்றிப்போய்விட்டது. ருசியும் ஒரு வருஷம் வரை இல்லை. "மண்ணைத் திங்கற மாதிரி இருக்கு" என்பார். முதலில் திரும்பி வந்தது உப்பு. இன்னும் இனிப்பு முழுதாக வரவில்லை.

எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். கரண்ட் பட்ட தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். ஆகவே ஆட்டம் கண்ட பற்களைக் கரண்ட் வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். இது எங்களுக்கு நேரத்தில் நடந்தது, நல்லவேளை.

உறவுக்காரர்கள் வருவார்கள். "நோய்தான் போயிடுச்சே, நல்லா சாப்பிடுங்க மாமா" என்று இலையில் இன்னும் ஒரு கரண்டி வைப்பார்கள். அன்புதான். ஆனால் அவர் சாப்பிட 50 நிமிஷம் ஆகும். எதிரில் நாலு பேர் முடித்துவிட்டுக் கை காயக் காத்திருந்தால் அவர் பாதியிலேயே "போதும்" என்று எழுந்துவிடுவார். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தினார். கடைசியில் நான் என் சாப்பாட்டின் வேகத்தைக் குறைத்தேன். அவர் ஒரு வாய், நான் ஒரு வாய். சாப்பிடும்போது பேச்சு இல்லை, டிவி இல்லை. பேச வாயைத் திறந்தால் மூச்சுக்குழாயும் திறக்கும். "சோத்து முன்னாடி என்ன பேச்சு?" என்று மாமியார் அதட்டியதை இப்போது நானே அதட்டுகிறேன்.

பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் தினம் காலையில் பயிற்சி செய்கிறார். கரண்ட் பட்ட இடம் வருஷங்கள் கழித்தும் இறுகும் என்பதால் விடச் சொல்லவில்லை.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். அவன் அப்பாவுக்கு அடுத்த வாரம் கரண்ட் தொடங்குகிறது. முதல் நாளுக்கு முன்பே ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்த்துவிடு, குழாய் போட்டாலும் அவர்கள் சொல்கிற அளவுக்குத் தினம் விழுங்க வை, நான் தடுத்த மாதிரி தடுக்காதே என்று அவனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் அதற்குள் டம்ளரோடு வந்து உட்கார்ந்து, அவன் கையை இழுத்துத் தன் தொண்டையில் வைத்தார். தாடையைத் தாழ்த்தி ஒரு மடக்கு விழுங்கினார்.

"ஏறுச்சா?"

"ஏறுச்சு தாத்தா."

"இன்னொரு தடவை பாரு. அப்பாவுக்கு நீதான் எண்ணணும்."