பெட்டி கட்டும் முன் லேபிளைப் படித்த கதை

சிங்கப்பூருக்குக் குடிபோனபோது சென்னை வீட்டுச் சமையலறையே எங்களோடு வந்தது. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், மாமியார் கொடுத்த ரைஸ் குக்கர் எல்லாம் அங்கே நன்றாக ஓடின. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

அந்தத் தைரியத்தில்தான் நியூ ஜெர்சிக்கும் அத்தனையையும் கொண்டுபோவதென்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், சாமான்மேல் ஆசையைவிடப் புது ஊரைப் பற்றிய பயம்தான் பெரிதாக இருந்தது. பழகிய மிக்ஸியின் சத்தம் காலையில் கேட்டால் அந்த வீடும் நம் வீடாகிவிடும் என்று நம்பினேன்.

நடுவில் சென்னையில் தங்கியிருந்தபோது, கப்ளர் மாற்ற மிக்ஸியை ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். “எந்த ஊருக்கும்மா போறீங்க?” என்று கேட்டார் கடைக்கார அண்ணன். அமெரிக்கா என்றதும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்தார். அடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய லேபிள். துணியால் துடைத்து, “படிங்க” என்றார். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட்ஸ். பிறகு மேஜையிலிருந்த லேப்டாப் சார்ஜரை எடுத்துக் காட்டினார். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். “இது எந்த நாட்டுலயும் ஓடும். உங்க மிக்ஸி அங்க ஓடாது.”

அமெரிக்காவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் பாதியானால் அயர்ன் பாக்ஸ் கொஞ்சம் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதானே என்றேன். இல்லையாம். வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். 1000 வாட் பெட்டி அங்கே 270 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். காட்டன் புடவையின் ஒரு மடிப்புகூடப் போகாது. மிக்ஸிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் மோட்டார் கிளம்பும்போது அதிகக் கரன்ட் இழுப்பதால் 1500 வாட்டாவது தாங்குவதாக வாங்க வேண்டும். அதைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் கனத்துக்கு இன்னொரு மிக்ஸியே கொண்டுபோகலாம்.

கிரைண்டரை மட்டும் விட மனசு வரவில்லை. அம்மா சீராகக் கொடுத்தது. “டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தாம்மா மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது” என்றார் அண்ணன். கிரைண்டர் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். கல் நிதானமாகச் சுற்றி, மாவு சூடேறாமல் இருந்தால்தான் உளுந்து பொங்கிவரும். அதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அமெரிக்காவுக்கென்றே கோயம்புத்தூரில் செய்யும் 110 வோல்ட் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். உருளைக் கற்கள் பாத்திரத்தில் மோதாதபடி கழற்றி, தனித்தனியாகப் பழைய புடவையில் சுற்றி, 23 கிலோ கணக்குக்குள் அடக்கினோம். அயர்ன் பாக்ஸ், குக்கர் எல்லாம் போய்ச் சேர்ந்த வாரமே அங்கே வாங்கிக்கொண்டோம்.

“எல்லாம் அங்கேயே கிடைக்கும், எதையும் தூக்காதே” என்பவர்கள் பேச்சை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கிற பிளெண்டரில் சட்னி அரைக்கலாம், இட்லிக்கு உளுந்து அரைத்தால் கல் கிரைண்டர் தரும் மிருது வராது. முதல் பனிக்காலத்தில், வெளியே கால் வைக்க முடியாத நாட்களில், குழந்தைகள் இட்லி கேட்டுத் தின்றபோது அந்தப் பெட்டியின் கனம் எனக்கு நியாயமாகவே பட்டது.

ஊர் திரும்பியபோது இதே கணக்கு தலைகீழாக வந்தது. அங்கே வாங்கியதை 230 வோல்ட்டில் சொருகினால் கருகிவிடும். 110 வோல்ட் கிரைண்டரும் அப்படித்தான். அதை நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டுக்குப் புதிதாக வந்திருந்த மதுரைப் பெண்ணிடம் கொடுத்தேன். “எவ்வளவுக்கா தரணும்?” என்று கேட்டாள். பணம் வாங்க மனசில்லை. கல்லை எப்படிக் கழற்றிக் கழுவுவது, பெல்ட் தளர்ந்தால் என்ன செய்வது என்று கூடவே நின்று செய்து காட்டிவிட்டு வந்தேன்.