வெண்ணெய்த் தெருவில் ஒரு சனிக்கிழமை!

'தயவுசெய்து கதவை மூடிவிட்டுச் சமைக்கவும். நாற்றம் ரூம் வரைக்கும் வருகிறது. நன்றி!'

மஞ்சள் ஒட்டுச்சீட்டில் எழுதி, கடைசியில் ஒரு ஸ்மைலியும் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்கள். யார் எழுதியது என்று பெயர் இல்லை. யாருக்கு என்றும் இல்லை. ஆனால், ஆறு பேர் தங்கியிருக்கும் அந்த வீட்டில் முந்தின நாள் ராத்திரி சாம்பார் வைத்தது நான் ஒருத்திதான்!

இடம், பெல்ஜியத்தில் கென்ட் நகரம். பொன்னேரியில் இருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்து அப்போது ரெண்டு மாசம் ஆகியிருந்தது. கால்வாய், சைக்கிள், மூணு பழைய கோபுரங்கள் என்று போட்டோவில் செம அழகான ஊர். நேரிலும் அழகுதான். ஆனால், டிசம்பரில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் விடியும். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. இங்கே ஸ்டூடன்ட் ரூமுக்கு 'கோட்' என்று பெயர். ஆளுக்கொரு ரூம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிச்சன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் உள்ளூர் பசங்க அத்தனை பேரும் அழுக்குத் துணியை டிராலி சூட்கேஸில் அடைத்துக்கொண்டு, 'டகடக'வென்று கல் பாவிய தெருவில் இழுத்தபடி அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு ராத்திரி, துவைத்த துணியும் டப்பா சாப்பாடுமாகத் திரும்புவார்கள். நம்ம ஊர் ஹாஸ்டல் பசங்க தீபாவளிக்குப் போவது மாதிரி, இவங்க வாராவாரம்!

அந்தச் சீட்டைப் பார்த்ததில் இருந்து நான் சமைக்கவில்லை. கோபமா, அவமானமா என்று தெரியவில்லை. கிச்சனுக்குள் போனாலே என் ஸ்வெட்டரை ஒருமுறை மோந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மூணு வாரம் ரொட்டியும் சீஸும்தான். போனில் அம்மா, "என்னடி சாப்பிட்ட?" என்றால், "சாம்பார்ம்மா" என்று பொய். "குரலே சரியில்லையே... நல்லா சாப்பிடுடி" என்பாள். நல்லவேளை, வீடியோ கால் இல்லை.

இந்த மூடில் ஒரு சனிக்கிழமை பிரஸ்ஸல்ஸ் கிளம்பினேன். ரயிலில் அரை மணி நேரம்தான். கிராண்ட் பிளேஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தெரு. பெயர், 'வெண்ணெய்த் தெரு'. சத்தியமாக! ஃபிரெஞ்சில் 'ரூ ஓ பர்'. அங்கே 'மெசோன் தாந்துவா' என்று ஒரு பிஸ்கட் கடை. 1829-ல் ஆரம்பித்த கம்பெனி. வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே மூக்கு என்னை நிறுத்திவிட்டது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு... பிரிஞ்சி செய்கிற அன்னிக்கு எங்க வீட்டுக் கூடத்தில் என்ன வாசனை வருமோ, கிட்டத்தட்ட அது. கூடவே வெண்ணெயும் கருகின சர்க்கரையும். கடைக்குள் ஆள் உயரத்துக்கு மர அச்சுகள். அதில் தாடி வைத்த ஒரு பிஷப், குதிரை, காற்றாலை. மாவை அச்சில் அழுத்தித் தட்டினால், அந்த உருவத்தில் பிஸ்கட் ரெடி. பெயர், 'ஸ்பெகுலோஸ்'.

தாடிக்காரர், செயின்ட் நிக்கோலஸ். டிசம்பர் 6 அவருடைய நாள். முந்தின ராத்திரி பிள்ளைகள் ஷூவை வெளியே வைத்து, அவருடைய குதிரைக்காக ஒரு கேரட்டும் போட்டுவிட்டுத் தூங்கும். காலையில் ஷூவுக்குள் ஆரஞ்சு, சாக்லேட், ஸ்பெகுலோஸ். கென்ட்டில் இருக்கிற மூணு கோபுரத்தில் ஒன்று இவருடைய சர்ச்தான். தினமும் அதைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போகிறேன். யாருடைய சர்ச் என்றுகூட அதுவரை கேட்கத் தோன்றவில்லை!

ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, குளிரில் நின்றபடியே தின்றேன். இனிப்பு, மொறுமொறு, கடைசியில் தொண்டையில் லேசாக ஒரு காரம். அப்போது திடீரென்று சுருக்கென்றது. இந்த ஊரே ஒரு மாசமாக மசாலா வாசனையில் மிதக்கிறது. அது பண்டிகை. நான் வைத்த சாம்பார் மட்டும் நாற்றமா?

ரயிலில் திரும்பும்போது பழவேற்காடு ஞாபகம் வந்தது. பொன்னேரி ஸ்கூலில் படித்தவர்களுக்கு பழவேற்காடு பிக்னிக் கட்டாயம் உண்டு. அங்கே மண்டை ஓடு செதுக்கிய டச்சுக் கல்லறைகளுக்கு நடுவே நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். எதற்கு? நம்ம சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கு! அந்தத் துணியைக் கிழக்கே இந்தோனேஷியத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஜாதிக்காயும் கிராம்பும் கிடைக்கும். அப்புறம் அந்த வியாபாரமும் போதாமல், 1621-ல் ஜாதிக்காய் விளைகிற பாண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களைக் கொன்றும் துரத்தியும் தீர்த்தார்கள். பட்டைக்கு இலங்கை. இப்படிக் கப்பலேறி வந்த சரக்குதான் பக்கத்து நாடான நெதர்லாந்தின் 'ஸ்பெகுலாஸ்' பிஸ்கட்டில் விழுந்தது. பெல்ஜியத்துக்காரர்கள் மசாலாவைக் குறைத்து, கேரமல் வாசனையை ஏற்றினார்கள். அதுதான் 'ஸ்பெகுலோஸ்'. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் மாற்றிச் சொன்னால் ரெண்டு ஊரும் முறைக்கும்!

காபியோடு ஒற்றை ஒற்றையாகக் கொடுப்பார்களே, அந்த 'பிஸ்காஃப்' இந்த ஸ்பெகுலோஸ்தான். 1932-ல் ஆரம்பித்த லோட்டஸ் கம்பெனியின் சரக்கு. அதன் ஊரான லெம்பெக, கென்ட்டில் இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். பிஸ்கட், காபி ரெண்டு வார்த்தையையும் ஒட்டினதுதான் அந்தப் பெயர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஊரில் காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிட 'ஸ்பெகுலோஸ் பாஸ்தா' என்று ஒரு பாட்டில் இருக்கிறது. பாஸ்தா என்றதும் நூடுல்ஸ் கற்பனை வேண்டாம், பசை என்று அர்த்தம். வெளிநாட்டில் 'குக்கீ பட்டர்' என்கிறார்கள். பட்டரே கிடையாது! பாதிக்கு மேல் அரைத்த பிஸ்கட், மீதி தாவர எண்ணெயும் சர்க்கரையும். வேலைக்குப் போகிறவர்கள் வெண்ணெய் தடவின ரொட்டிக்கு நடுவே ஸ்பெகுலோஸ் வைத்து எடுத்துப் போவார்களாம். மத்தியானம் பிரித்தால் பிஸ்கட் ஊறிக் குழைந்திருக்கும். அதையே பாட்டிலில் அடைத்தால் என்ன என்று, 2007-ல் ஃபிளெமிஷ் டி.வி-யின் கண்டுபிடிப்பாளர் போட்டிக்குக் கொண்டுவந்தார் எல்ஸ் ஸ்கெப்பர்ஸ் என்ற பெண். 2008-ல் லோட்டஸ் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2011-ல் அமெரிக்காவில் டிரேடர் ஜோஸ் கடைகள் சொந்தமாக ஒன்றை விற்க ஆரம்பித்ததும், அங்கே அதைக் குக்கீ மாவிலேயே கலக்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது.

எனக்கும் பிடித்தது. அடுத்த ஞாயிறு, காலியான வீடு, பொதுக் கிச்சன், நம்பர் அழிந்துபோன அவன். 110 கிராம் வெண்ணெயை இளக வைத்து, 130 கிராம் பழுப்புச் சர்க்கரை போட்டு நன்றாகக் குழைத்தேன். 120 கிராம் குக்கீ பட்டர், ஒரு முட்டை. அப்புறம் 180 கிராம் மைதா, அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், சுக்கு அரை, ஜாதிக்காயும் கிராம்பும் கால் கால். ஏலக்காய் ரெண்டு, அது என் இஷ்டம்.

முதல் டிரே ஊத்தப்பம்! அவசரத்தில் மாவை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. உருண்டை எல்லாம் உருகி, கைகோத்து, ஒரே தட்டாகிவிட்டது. சுரண்டித் தின்றுவிட்டு, மிச்ச மாவை ஒரு மணி நேரம் குளிரவைத்தேன். குளிர்ந்தால் வெண்ணெய் இறுகும், சீக்கிரம் பரவாது. எலுமிச்சை அளவு உருட்டி, இடைவெளி விட்டு, 175 டிகிரியில் பத்து நிமிஷம். ஓரம் இறுகி, நடுவில் இன்னும் வேகாத மாதிரி இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். இதற்குத்தான் தைரியம் வேணும் பாஸ்! டிரேயின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். இன்னும் ரெண்டு நிமிஷம் என்று ஆசைப்பட்டால் மொறுமொறு பிஸ்கட்தான் கிடைக்கும், மெத்தென்று மெல்லுகிற குக்கீ கிடைக்காது. பழுப்புச் சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், ரெண்டு நாள் ஆனாலும் காய்வதில்லை. நம்ம ஊரில் நாட்டுச்சர்க்கரையும் ஓ.டி.ஜி-யும் போதும். பாட்டில் கிடைக்கவில்லை என்றால், பட்டை வாசனை பிஸ்கட்டைப் பொடித்து, மிக்ஸியில் எண்ணெயை ஸ்பூன் ஸ்பூனாக விட்டு அரைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மட்டும் ஆகாது.

ரெண்டாவது டிரே வெளியே வரும்போது வாசலில் சூட்கேஸ் சத்தம். எல்லோரும் திரும்பிவிட்டார்கள். கிச்சன் கதவை மூடவே மறந்துபோயிருந்தேன். பாய்ந்து போய் மூடுவதற்குள், எதிர் ரூம் பெண் உள்ளே தலையை நீட்டினாள்.

"எங்க பாட்டி வீட்டு வாசனை!"

ஒன்று எடுத்தாள். மென்றாள். "நல்லா இருக்கு. ஆனா, இது ஸ்பெகுலோஸ் இல்ல. ஸ்பெகுலோஸ்னா உடைக்கும்போது சத்தம் வரணும்" என்றாள். சொல்லிக்கொண்டே இன்னொன்று. மூணாவதைக் கையில் வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி, "அந்தச் சீட்டு... நான்தான் எழுதினேன். ஸாரி" என்றாள்.

மூணு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த டயலாக் எல்லாம் ரெடியாக இருந்தது. ஆரம்பித்தேன். "இதுல போட்டிருக்கற மசாலாதான் எங்க சமையல்லயும்..."

"இல்லல்ல. அன்னிக்கு வந்தது பட்டை இல்ல, கிராம்பும் இல்ல. அது வேற ஏதோ. கேஸ் லீக் ஆகுதோன்னு நெனச்சேன்!"

என் டயலாக் அங்கேயே நின்றது. அலமாரியில் இருந்து பெருங்காய டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். ரெண்டடி பின்னால் போனாள். "இதேதான்!"

அவளுக்கு அதன் பெயர் தெரியவில்லை. போனில் தேடிவிட்டு, நிமிர முடியாமல் சிரித்தாள். டச்சு மொழியில் பெருங்காயத்துக்குப் பெயர் 'டாய்வல்ஸ்ட்ரெக்'. பிசாசின் மலம் என்று அர்த்தமாம். எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. உண்மையைச் சொல்லணுமே, பச்சையாக மோந்தால் நமக்கே ஒரு மாதிரிதானே இருக்கிறது? அது எண்ணெயில் பொரிந்தால்தான் சாம்பார்.

"பொரிச்சா மாறிடுமா?" என்று நம்பாமல் கேட்டாள்.

அடுத்த புதன்கிழமை சாம்பார் வைத்தேன். ஜன்னலைத் திறந்து, கதவை மூடி. எண்ணெயில் பெருங்காயம் விழுந்ததும் அவள் துப்பட்டா மாதிரி ஸ்கார்ஃபை மூக்கில் சுற்றிக்கொண்டாள். வெளியே மட்டும் போகவில்லை. சாம்பாரில் ரொட்டியைத் தோய்த்து ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "காரம்" என்று தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான், பிடித்தது என்றெல்லாம் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அம்மா போன். "என்னடி சாப்பிட்ட?"

"சாம்பார்ம்மா."

"பெருங்காயம் தீர்ந்திருக்குமே?"

"இருக்கும்மா. ஆனா அடுத்த பார்சல்ல மூடி டைட்டான டப்பாவா அனுப்பு."