தென்கிழக்கு பார்த்த டிஷ்கள்

மும்பை, தாராவி



90 அடி சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால், தகரக் கூரைகளில் உள்ள டிஷ்களெல்லாம் தென்கிழக்கையே பார்க்கின்றன. சென்னை இருக்கும் திசையும் அதுதான். தற்செயல்தான்; அவை பார்ப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை. இருந்தாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருவில் அது பொருத்தமாகத்தான் படுகிறது.

மும்பைக்கென்று வொர்லியில் டிவி கோபுரம் இருக்கிறது. தூர்தர்ஷன் இங்கே 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. கோபுரத்தின் ஒளிபரப்பு டிஜிட்டலானால் ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்களை அடுக்கலாம். 2016-இல் 16 நகரங்களில் அப்படி ஒளிபரப்பு தொடங்கியபோது மும்பையும் அதில் இருந்தது. ஆனால் வொர்லியின் அடுக்கில் தமிழுக்கு இடமில்லை. தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று இத்தனை தமிழர்கள் இருந்தும் இல்லை!

ஆகவே சென்னையின் தூர்தர்ஷன் இங்கே வானம் வழியாகத்தான் வரவேண்டும். பொதிகை என்று நாம் அறிந்திருந்த சேனலுக்கு 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்று பெயர். 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷில் அதற்கு மாதச் சந்தா கிடையாது. கேபிள்காரரும் தட்டிக்கழிக்க முடியாது. அரசு குறிப்பிடும் தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டியே தீரவேண்டும் என்கிறது 1995-ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019-இல் புதிய கட்டண முறை வந்தபோது, வரி நீங்கலாக 130 ரூபாய்க்கு 100 சேனல். அந்த நூறிலேயே ஏறக்குறைய கால்வாசியைத் தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டது. 2020 திருத்தம்தான் அவற்றைக் கணக்கிலிருந்து விலக்கியது. சன் டிவிக்கோ 2019-இல் தனியாக மாதம் 19 ரூபாய் இருந்தது.

உள்ளூர் கேபிள்காரர் தம் கட்டுப்பாட்டறையிலிருந்தே ஓட்டும் சேனலின் கதை வேறு. பேட்டை விளம்பரம், கோயில் கொடை என்று அது காட்டுவதெல்லாம் கம்பி போகும் தூரம்வரைதான். ஆனால் வீட்டு டிஷ்ஷுக்கு நேராக அனுப்பும் நம் டிடிஎச் செயற்கைக்கோளின் சிக்னல் கற்றை நாடு முழுவதும் விழுகிறது. ஒரு பேட்டைக்கான சேனலை ஏற்றினாலும் காஷ்மீர்வரை இடத்தை அடைக்கும். எந்த நிறுவனமும் அந்தச் செலவை ஏற்காது. அமெரிக்காவில் குறுகிய கற்றைகளால் ஊருக்கு ஊர் வேறு சேனல் அனுப்புகிறார்கள். அங்கேயும் சட்டத்தின் கட்டாயம் உள்ளூர் நிலையத்தின் முதன்மைச் சேனலுக்கு மட்டும்தான். அதே அலைவரிசையில் அடுக்கிய துணைச் சேனல்கள் பேரம் பேசித்தான் ஏறவேண்டும்.

மும்பைத் தமிழருக்குச் சட்டம் உறுதி தரும் தமிழ் டிவி டிடி தமிழ்தான். உங்கள் உறவினர் யாராவது இங்கே குடிவந்தால், சந்தா கட்டுமுன் அந்த இலவச டிஷ்ஷைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்.