துருப்பிடித்த நாடி

பழைய வேனை வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுவதற்குச் சமானம் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் வேன் இல்லாததே காரணம். நம்முடைய வேனுக்குப் பிராயம் இருபதுக்கு மேல். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் ஜனங்களை ஏற்றிச் செல்வது அதன் தொழில்.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய வடக்குத்தில் ஒரு நாள் அதன் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாய்க் கனத்தது. அடியில் செந்நிற எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல உருட்டிச் சாலையோரத்துப் பட்டறையில் சேர்த்தோம்.

பவர் ஸ்டீயரிங் என்பது பெரிய மாயமன்று. எஞ்சின் சுழற்றும் பம்பு எண்ணெயை அழுத்தி, இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேர்ந்த பாதையில் ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் வேறொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. அமெரிக்கரான பிரான்சிஸ் டேவிஸ் 1926-ல் இதைத் தம் மோட்டாரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக் கார்களில் இது வந்தது 1951-ல்தான்.

நம் வேனில், குழாயைச் சட்டத்தோடு பிடித்திருந்த கிளிப்பின் அடியில் சேறும் ஈரமும் தங்கிப் பெயிண்டைத் தின்று, பிறகு இரும்பையும் தின்றிருந்தன. வெளியே பார்த்தால் ஒரு கறை; கிளிப்பைக் கழற்றினால் சல்லடை!

டிரைவர் கெஞ்சினார்: "அண்ணே, அந்த இடத்தை அறுத்துவிட்டு ஹோஸ் மாட்டி இரண்டு கிளிப் போட்டால் போதாதா? நாளைக்குத் திருவந்திபுரத்தில் கலியாணம்!"

மெக்கானிக் தலையை அசைத்தார். "திரும்பி வருகிற குழாயானால் போட்டுத் தருவேன், தம்பி. இது பம்பிலிருந்து போகிற குழாய். கிளிப் பிடுங்கிக்கொண்டால் எண்ணெய் சைலன்சர் மேலே பீய்ச்சும். வண்டியில் குழந்தைகள் இருப்பார்கள்."

அவர் சொன்னதன் நியாயம் கணக்கில் விளங்கும். 1957-ல் பண்டித நேரு தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிழைக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அந்தச் சிறு குழாயிலோ அழுத்தம் 80 கிலோவையும் தாண்டக்கூடும். அதற்குக் கிளிப்பும் பசையும் எம்மாத்திரம்?

கலியாணக் கூலி வேறு வேனுக்குப் போயிற்று. மறுநாள், மண்வெட்டும் யந்திரங்களுக்கு ஹோஸ் செய்யும் கடையில், பழைய குழாயை மாதிரி வைத்துப் புதிய எஃகுக் குழாய் வளைக்கப்பட்டது. நட்டை முன்னதாகக் கோத்துக்கொண்டு, குழாயின் வாயை இரட்டை மடிப்பாக விரித்தார்கள். ஹோஸின் முனையை யந்திரத்தில் வைத்து நெரித்தார்கள். செம்பு வாஷர்களும் புதியவை. பழைய எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டது.

பிறகு முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டீயரிங்கை இருபுறமும் நிதானமாகத் திருப்பினார் மெக்கானிக். தொட்டியில் நுரை அடங்க அடங்க எண்ணெயை நிரப்பினார். காற்று முழுவதும் வெளியேறிய பின்பே எஞ்சின் ஓடிற்று. கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கையை வைக்காமல் அட்டைத் துண்டைப் பிடித்தார். அந்த வேகத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

சுரங்கத்தின் பெரிய யந்திரங்களைக் கண்டு நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் தேசத்தில் தினந்தோறும் கோடிக்கணக்கான பிரயாணிகள் பத்திரமாக வீடு திரும்புவது, "இப்போதைக்கு ஒட்டிக் கொடு" என்று கேட்பவரிடம் "மாட்டேன்" என்று சொல்லும் பட்டறைக்காரர்களாலும்தான். அப்படிச் சொல்பவருக்கு ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுப்பது நஷ்டமாகாது.