குறி சிறிதாகட்டும்

கையிலே ஒரு கல்லும் கண்ணெதிரே ஒரு மாங்காயும் இருக்கும்போது சும்மா இருக்கக்கூடிய சிறுவனை நாம் இதுவரை கண்டதில்லை. எட்டிப் பறிக்கத்தக்க தாழ்ந்த கொப்பிலே பத்துக் காய்கள் தொங்கினாலும், அவன் கண் உச்சிக் கொப்பிலே தனித்து நிற்கும் ஒரு காயையே நாடும். பசி அதற்குக் காரணமன்று. தூரத்தில் உள்ள ஒன்றைத் தன் கண்ணினாலும் கையினாலும் சென்று தொட்டுவிட வேண்டும் என்னும் ஆசையே காரணம். போளை அடிக்கும் பிள்ளையிடமும், கரம் பலகையின் முன்னே மூச்சை அடக்கிக் குனிந்திருக்கும் பெரியவரிடமும், களியாட்ட விழாவிலே பலூன் சுடுவதற்குக் காசு கொடுத்துவிட்டு ஒற்றைக் கண்ணை மூடும் இளைஞரிடமும் நாம் காண்பது அந்த ஆசையைத்தான்.

இந்த ஆசை குற்றமற்றது. ஆனால் அது நெடுநாள் குற்றமற்றதாகவே நிற்குமா என்பது, அதன் முன்னே நாம் எத்தகைய குறியை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. குறி பார்த்து அடிக்கும் விளையாட்டை உற்சாகம் குன்றாமல் எவ்வாறு நடத்துவது என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாகவே தோன்றும். சற்று ஊன்றிப் பார்த்தால், அதனுள்ளே ஓர் அறக் கேள்வியும் ஒளிந்திருப்பது தெரியும்.

எமது நாட்டிலே இதனைப் பேசுவது எளிதன்று. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரின் பின்னர், துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வாடும் தாய்மார் பல வீடுகளில் இருக்கிறார்கள். விளையாட்டுத் துப்பாக்கியைக்கூடப் படலைக்குள்ளே விடாத வீடுகள் உண்டு. எமது வீடும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது, கொய்யாமரக் கவர் ஒன்றையும் பழைய சைக்கிள் ரியூப்பையும் எடுத்துக்கொண்டு வந்து, கவண் செய்து தருமாறு கேட்டார்கள். ஊர்வழக்கிலே கெற்றப்போல் என்போமே, அதுதான். வீட்டிலே இரண்டு நாட்கள் விவாதம் நடந்தது. “ஆசையை மறுத்தால் அது மறைவிலே வளரும், கண்முன்னே வளர்வதுதான் நல்லது” என்று எமது துணைவியார் தீர்ப்பளித்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: உயிருள்ள எதனையும் குறி வைக்கக் கூடாது.

நிபந்தனை விதிப்பது சுலபம். அது நிலைக்கும்படி செய்வதே கடினம். முதல் வாரம் வெற்றுப் பால்மாப் பேணிகள் முற்றத்து மணற்குவியலின் முன்னே வரிசையாக நின்றன. களிமண்ணை உருட்டி வெயிலிலே காயவைத்த உண்டைகள் பறந்தன. பேணி விழும் ஒவ்வொரு முறையும் எழுந்த ஆரவாரம் அயல் முழுவதும் கேட்டிருக்கும். இரண்டாம் வாரம் ஆரவாரம் குறைந்தது. மூன்றாம் வாரத்திலே மூத்த பேரன் பத்துக்குப் பத்துப் பேணிகளையும் வீழ்த்திவிட்டு, வென்றவனுடைய முகக்களை சிறிதுமின்றி நின்றான். அவன் பார்வை மெல்ல மேலே ஏறியது. முருங்கை மரத்திலே ஓர் அணில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கொடியவன் அல்லன். கொடுத்த வாக்கை மறந்தவனும் அல்லன். பேணி அசையாமல் நின்றது, அணில் ஓடியது. அவனுடைய திறமை தனக்குத் தகுந்த குறியைத் தேடியது, அவ்வளவுதான். நாம் அவனை அதட்டவில்லை. பேணி ஒன்றைக் கயிற்றிலே கட்டி, மணற்குவியலின் மேலே நீண்டிருந்த வேப்பங்கிளையிலிருந்து தொங்கவிட்டு, ஊஞ்சல்போல் ஆட்டிவிட்டோம். அவன் பார்வை கீழே இறங்கியது. முதல் பதினொரு உண்டைகளும் தவறின. பன்னிரண்டாவது பட்டது. முதல் வாரத்து ஆரவாரம் மீண்டும் எழுந்தது. குறி சலித்துவிட்டால் கை உயிரைத் தேடும் என்னும் உண்மையை அன்று எமது வீட்டார் எல்லோரும் கண்டுகொண்டோம்.

முற்றத்திலே நடந்த இச்சிறு நிகழ்ச்சி, உலக வரலாற்றிலும் பெரிய அளவிலே நடந்திருக்கிறது. கிரேக்கரின் இலியட் காவியத்திலே, பாட்ரொக்ளஸ் என்னும் வீரனின் நினைவாக நடந்த விற்போட்டியில், கப்பற் பாய்மரத்தின் உச்சியிலே உயிருள்ள புறாவொன்றைக் கட்டி வைத்தார்கள். ஒருவன் எய்த அம்பு கயிற்றை அறுத்தது. பறந்த புறாவை மற்றொருவன் வீழ்த்தினான். நமது மகாபாரதத்திலோ, துரோணர் தம் மாணவரைச் சோதிப்பதற்காக மரத்தின்மீது வைத்தது உயிருள்ள பறவையன்று. தொழில்வல்லாரைக் கொண்டு செய்வித்த பொய்ப்பறவை. அருச்சுனனுடைய ஒருமுகப்பட்ட பார்வையை வியந்து பேசும் நாம், ஆசிரியர் தேர்ந்தெடுத்த குறியை வியக்க மறந்துவிடுகிறோம். ஸ்கொட்லாந்திலே கில்வினிங் என்னும் ஊரில், பழைய மடாலயக் கோபுரத்தின் உச்சியிலே மரத்தாற் செய்த கிளியொன்றை நிறுத்தி அம்பெய்யும் போட்டி நடப்பதுண்டு. அவ்வழக்கம் 1483ஆம் ஆண்டிலிருந்து வருவதாகச் சொல்லுவார்கள்.

துப்பாக்கி வந்த பின்னர் புறாக்களுக்கு மறுபடியும் கெட்ட காலம் பிறந்தது. பெட்டியிலிருந்து புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவது மேல்நாட்டுச் சீமான்களின் விநோதமாயிற்று. அமெரிக்காவிலே சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகொவ்ஸ்கி என்பவர் 1880இல் களிமண் வட்டில் ஒன்றை உருவாக்கினார். சிறுவர்கள் சிப்பிகளை நீரின்மீது தத்தித் தத்திச் செல்லும்படி வீசுவதைக் கண்டே அவருக்கு அந்த யோசனை உதித்தது என்பார்கள். எனினும் 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் காலத்திலும் உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லெயோன் டி லுண்டன் 21 புறாக்களை வீழ்த்தி முதலிடம் பெற்றார். அதன் பின்னர் எந்த ஒலிம்பிக்கிலும் அக்கொடுமை இடம்பெறவில்லை. இன்று வானிலே சீறிச் செல்வது வட்டில் மாத்திரமே. களிமண் புறா என்னும் அதன் பெயரிலே மட்டும் பழைய புறா எஞ்சியிருக்கிறது. இம்மாற்றத்தை இரக்கம் ஒன்றே செய்தது என்று எமக்குத் தோன்றவில்லை. வட்டில் ஒரு நல்ல குறியாகவும் இருந்தது. அதைச் சுடுவதிலே சுவை இல்லாதிருந்தால், இரக்கத்தின் குரல் இத்தனை விரைவிலே வென்றிருக்குமா என்பது ஐயமே.

ஆகவே, விளையாட்டின் சுவையைக் காப்பதும் அதன் தூய்மையைக் காப்பதும் வேறு வேறு அல்ல. சுவையைக் காப்பதற்கு உலகத்தார் கண்ட முதல் வழி, குறியைச் சிறிதாக்குவது. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலே சேர்க்கப்பட்ட 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதன் குறி அட்டையிலே பத்துப் புள்ளிக்குரிய நடு இடம் அரை மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு பொட்டு. சுடும் குண்டின் அகலமோ நாலரை மில்லிமீற்றர். அத்தகைய பொட்டையும் மனிதர் வென்றுவிட்டார்கள். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றிலே செக் நாட்டு வீராங்கனை கத்தரீனா எம்மன்ஸ் 40 முறை சுட்டு 400க்கு 400 பெற்றார். முழுப் புள்ளியும் கைக்கெட்டிவிட்டால் அப்பால் எங்கே போவது? 2013 முதல் தகுதிச் சுற்றிலும் பத்து என்பதையே 10.0 முதல் 10.9 வரை பகுத்துக் கணக்கிடத் தொடங்கினார்கள். ஏறி முடித்த ஏணிக்கு மேலும் சில படிகள் வைத்தாற்போலாயிற்று.

எமது முற்றத்துக்கு 10.9 தேவைப்படவில்லை. பால்மாப் பேணி போய் மீன்பேணி வந்தது. அதன் பின் தீப்பெட்டி. கடைசியிலே நூலில் ஆடும் சோடா மூடி. அடுத்தபடியாக உண்டைகளைக் குறைத்தோம். வாளி நிறைய உண்டைகள் இருந்தபோது ஒவ்வோர் உண்டையும் மலிவாக இருந்தது. ஆளுக்கு மாலையொன்றுக்கு ஐந்தே என்று கட்டளையிட்டதும், பிள்ளைகளின் மூச்சு அடங்கியது, விரல் நிதானித்தது. பின்பு நிலையை மாற்றினோம். 50 மீற்றர் துப்பாக்கிப் போட்டியொன்றிலே வீரர்கள் முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுடுகிறார்கள் அல்லவா? அதுபோல நின்று வென்றவன் முழந்தாளிட்டு அடிக்கட்டும் என்றோம். பனிநாடுகளிலே, பனியில் சறுக்கிக் களைத்து வந்து, இரைக்கும் மூச்சோடு 50 மீற்றர் தூரத்துக் குறியைச் சுடும் போட்டியொன்று உண்டு. எமக்குப் பனி இல்லையே தவிர வளவு இருக்கிறது. வளவை மூன்று முறை ஓடிச் சுற்றி வந்து, துள்ளும் நெஞ்சோடு அடிக்கும் போட்டிதான் இப்போது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது.

எல்லாவற்றிலும் சிறந்த மாற்றம் கோடுகளைப் பற்றியது. எல்லோருக்கும் ஒரே கோடு என்றிருந்த காலத்திலே மூத்தவனே வென்றான்; ஏழு வயதுப் பேத்தி அழுதாள். இப்பொழுது அவளுடைய கோடு நான்கு அடி தூரத்திலே. அவனுடையது பன்னிரண்டு அடி தூரத்திலே. வென்றவர் மறுநாள் ஓரடி பின்னே செல்ல வேண்டும். ஆகவே வெற்றியே அடுத்த கடினத்தைத் தந்துவிடுகிறது. பேத்தி முதன்முறையாக அண்ணனை வென்ற இரவு, அவள் உறங்க வெகுநேரமாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி உண்டு; தன் நேற்றைய கணக்கோடு தன் இன்றைய கணக்கை ஒப்பிடுவதே அதன் நோக்கம்.

கை பழகிவிட்டால் மறுகையால் முயலலாம். ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் கரோலி டகாக்ஸ் விளையாட்டுக்காக அப்படிச் செய்யவில்லை. 1938இல் கைக்குண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் சுடப் பழகி, 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார். இக்கதையைக் கேட்டபின், இடக்கையால் பத்தும் தவறவிட்ட எமது பேரன் வெட்கப்படவில்லை. கொப்பியிலே பூச்சியத்தை எழுதிவிட்டு மறுநாளும் வந்தான்.

மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய மற்றொரு கதையும் உண்டு. மத்தியூ எம்மன்ஸ் அமெரிக்க வீரர். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலே, தங்கம் ஏறத்தாழக் கைக்கு வந்துவிட்ட நிலையில், கடைசிக் குண்டைச் சுட்டார். குண்டு நன்றாகவே பட்டது. ஆனால் பக்கத்து வீரருடைய குறியிலே பட்டது. அவருக்குக் கிடைத்தது பூச்சியம், இடம் எட்டாவது. அன்று அவரைத் தேற்ற வந்த கத்தரீனாவே 2007இல் அவரை மணந்தார் என்பது கதையின் இனிய பகுதி. எமக்கு அதிலே தோன்றும் பாடம் வேறு. எத்துணைத் திறமையாக அடித்தோம் என்பது இரண்டாவது கேள்வி; எதை அடித்தோம் என்பதே முதற் கேள்வி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு எவ்வளவு சுவையாயினும் சில விதிகள் மாறக் கூடாது. குறியின் பின்னே எப்பொழுதும் மணற்குவியல் வேண்டும். மதிலும் கல்லும் உண்டையைத் திருப்பி அனுப்பும். அடிப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். எல்லாக் கைகளும் தாழும்வரை ஒருவரும் கோட்டைத் தாண்டக் கூடாது. வீதியை நோக்கி, ஆடுமாடுகளை நோக்கி, ஆளை நோக்கி, விளையாட்டுக்குக்கூட இழுக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் அருகிலே இருக்க வேண்டும். அவரும் ஐந்து உண்டைகள் அடித்தால் இன்னும் நல்லது.

எளியதை வீழ்த்துவதினும் அரியதை முயன்று தவறவிடுவதே மேல் என்னும் கருத்தை, வள்ளுவர் படைச்செருக்கு என்ற அதிகாரத்திலே போர்க்களத்தை வைத்துச் சொன்னார். அக்கருத்து வீட்டு முற்றத்துக்கும் பொருந்தும். பிள்ளையின் கை தேறிவிட்டது என்று கண்டால், கவணைப் பறித்து ஒளிக்க வேண்டாம்; நீண்ட உபதேசமும் வேண்டாம். இன்னும் சற்றே சிறியதாக, இன்னும் சற்றே தூரத்தில், ஒரு குறியை வைத்துவிடுங்கள். அந்த ஒரு முழத் தூரத்திலே பிள்ளையின் பொறுமை வளரும். முருங்கையிலே அணிலும் தன்பாட்டில் ஓடித் திரியும்.